பன்னீர் திராட்சைக்கு ஒரு கம்பெனி: பதிவுக்கு முன்...

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் தோட்டத்தில் விலை சொல்வது வியாபாரிதான். சேர்ந்து விற்க நினைக்கும் விவசாயிகள் எந்த அமைப்பைப் பதிவு செய்யலாம்?

கூட்டு வியாபாரமாகத் தொடங்கினால் செலவு குறைவு. ஆனால், கடன் ஏறினால் உங்கள் சொந்தத் தோட்டத்துக்கும் ஆபத்து. உற்பத்தியாளர் கம்பெனியில் உங்கள் பொறுப்பு, போட்ட பங்குத்தொகையோடு நின்றுவிடும். 10 விவசாயிகள் போதும்; இயக்குநர்கள் 5 முதல் 15 பேர். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டு. சாகுபடி செய்யாத வியாபாரி உறுப்பினராக முடியாது. இந்தப் பள்ளத்தாக்குக்கு இதுவே பொருத்தம் என்பேன்.

பதிவு செய்வது எளிது, பிறகுதான் வேலை. ஒரு கிலோகூட விற்காவிட்டாலும் ஆண்டுதோறும் தணிக்கை, பொதுக்குழு, கம்பெனிப் பதிவாளரிடம் கணக்குத் தாக்கல் உண்டு. தாமதித்தால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். தொடர்ந்து 3 ஆண்டு தாக்கல் செய்யாவிட்டால், இயக்குநர்கள் 5 ஆண்டுகளுக்குத் தகுதி இழப்பார்கள். மானியத்தை மட்டும் நம்பித் தொடங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

எனவே, முதலில் குழுவாக ஒரு அறுவடையைச் சேர்ந்து விற்றுப் பாருங்கள். ஆடிட்டர் செலவுக்கு மிஞ்சினால், சிட்டா, அடங்கல், ஆதார், பான் அட்டையுடன் தேனி வேளாண் வணிக அலுவலகத்தை அணுகுங்கள்.