நீங்கள் கேட்கவில்லையே, முதலாளி!

2005ஆம் ஆண்டு, நோன்பு மாதம். புறக்கோட்டையில் வாப்பா நடத்தி வந்த புடவைக் கடை என் கைக்கு வந்து நான்கைந்து வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஓர் இரவு முழுக்க அடைமழை. காலையில் கடையைத் திறந்து மேல்மாடி ஸ்டோர்ஸுக்குப் போனால், பெருநாள் வியாபாரத்துக்கென்று செக் கொடுத்து எடுத்து வைத்திருந்த துணிச் சுருள்களில் இருபதுக்கு மேல் நனைந்து, சாயம் இறங்கிக் கிடந்தன. கூரைத் தகட்டில் ஓர் ஓட்டை.

அந்த ஓட்டை முதல் நாள் இரவு விழுந்ததல்ல. சாமான் ஏற்றி இறக்கும் பையன்களுக்கு அது ஒரு மாதமாகத் தெரியும். மழை பெய்யும் நாட்களில் அவர்களே ஒரு வாளியை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். அன்றிரவு வாளி நிறைந்து வழிந்துவிட்டது.

“தெரிஞ்சும் ஏன்டா சொல்லல்ல?” என்று சத்தம் போட்டேன். அவர்களில் மூத்தவன் தலையைக் குனிந்தபடி, “நீங்க கேக்கல்லயே மொதலாளி” என்றான்.

அன்றிருந்த கோபத்தில் அது எனக்குத் திமிர்ப் பேச்சாகப் பட்டது. பெருநாள் முடிந்து நட்டக் கணக்கு எழுதும்போதுதான் அவன் சொன்னது சரியென்று விளங்கியது. அதற்கு முந்திய வருடம் நடந்த ஒரு விஷயமும் அப்போது நினைவுக்கு வந்தது.

யோசிக்க நான் இருக்கிறேன்!

துணி வெட்டி விற்கும் கடைகளில் சுருளின் கடைசியில் ஒன்றரை யார், இரண்டு யார் என்று துண்டுகள் மிஞ்சும். நாங்கள் அவற்றைச் சாக்கில் கட்டி, வருடக் கடைசியில் நிறுவைக்கு விற்று வந்தோம். விற்பனைப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, “மொதலாளி, இதுகள அளந்து, இது புள்ளைக்கு ஒரு கவுணுக்குப் போதும், இது ஒரு சட்டைக்குப் போதும் எண்டு எழுதி வாசல்ல வெச்சா போகும்” என்றான்.

கடையில் கூட்டம். நான் தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னேன். “தம்பி, நீ உன்ட வேலையப் பாரு. யோசிக்கிறதுக்கு நான் இரிக்கேன்.”

மற்றப் பையன்கள் சிரித்தார்கள். அவன் அதற்குப் பிறகு என்னிடம் எந்த யோசனையும் சொல்லவில்லை. ஒன்றரை வருடத்தில் விலகிப் போய், தன் ஊர்ச் சந்தியில் சின்னதாக ஒரு கடை போட்டான். வாசலில் முதலில் வைத்தது அளந்து எழுதிய அந்தத் துண்டுகளைத்தான். அதற்கான துண்டுகளை என்னிடமே நிறுவைக்கு வாங்கினான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அன்று சிரித்த பையன்கள்தான் பிறகு கூரை ஓட்டையைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தவர்கள். புதிய யோசனை சொல்கிற வாயும் ஓட்டையைச் சொல்கிற வாயும் ஒன்றுதான். ஒன்றுக்காக அதை மூடினால் மற்றதற்கும் அது திறப்பதில்லை. இந்தப் பாடத்துக்கு நான் கொடுத்த விலை இருபது சுருள் துணி.

எம்மில் பலர் ஊழியர்களிடம் கற்பனை வளம் இல்லையென்று குறைப்படுகிறோம். வீட்டில் கலியாணம் என்றால் மஷூரா செய்கிறோம். காணி வாங்குவதென்றால் நாலு பேரிடம் கேட்கிறோம். கடைக்குள் மட்டும், வாடிக்கையாளரோடு காலை முதல் மாலை வரை பேசுகிறவனிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. எந்த நிறம் போகிறது, எதைக் கேட்டு இல்லையென்று திரும்பிப் போகிறார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். பில் போடும் மேசையில் இருக்கும் எமக்கு வாங்கியவர்களை மட்டுமே தெரியும்.

முதலாளியின் யோசனை தோற்ற கதை

மெக்டொனால்ட்ஸ் கம்பனியின் கதை ஒன்று எம் போன்ற வியாபாரிகளுக்கு நன்றாகப் பொருந்தும். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் அந்தக் கம்பனியின் பெயரில் கடை நடத்தியவர் லூ குரோன். அவருடைய பகுதியில் கத்தோலிக்கர்களே அதிகம். அக்காலத்தில் அவர்கள் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி சாப்பிடுவதில்லை. எனவே வெள்ளிக்கிழமைகளில் கடை படுத்துவிடும். மீன் வைத்த பன் ஒன்றை விற்க அனுமதி தாருங்கள் என்று அவர் தலைமையிடம் கேட்டார்.

கம்பனித் தலைவர் ரே க்ரொக்குக்கு அது பிடிக்கவில்லை. அவரிடம் சொந்தமாக ஒரு யோசனை இருந்தது. இறைச்சிக்குப் பதிலாக அன்னாசித் துண்டும் சீஸும் வைத்த பன். “நான் தலைவன், என்னுடையதுதான்” என்று அவர் முடித்திருக்கலாம். ஆனால் 1962ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று இரண்டையும் ஒன்றாக விற்றுப் பார்ப்பதென்றும், கூட விற்பதையே வைத்துக்கொள்வதென்றும் ஒத்துக்கொண்டார். குரோன் பின்னாளில் சொன்ன கணக்குப்படி மீன் பன் 350 போனது. தலைவரின் அன்னாசிப் பன் போனது 6. 1965இல் அந்த மீன் பன் அமெரிக்கா முழுவதிலும் உள்ள மெக்டொனால்ட்ஸ் கடைகளின் பட்டியலில் ஏறியது. இன்றும் உலகெங்கும் விற்பனையாகிறது.

குரோனுடைய யோசனை பெரிய மூளையிலிருந்து வந்ததல்ல. தன் வாசலில் யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று பார்த்ததிலிருந்து வந்தது. க்ரொக்கும் அவரோடு வாதாடிக்கொண்டிருக்காமல் ஒரு நாள் விற்றுப் பார்க்க விட்டார். சிறிய அளவில் செய்து பார்க்கக் கூடியதை மேசையில் உட்கார்ந்து தீர்ப்பளிக்கத் தேவையில்லை.

அதே தொழிலாளர், வேறு நிர்வாகம்

“எங்கள் பையன்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை” என்று சொல்கிறவர்களுக்காக இன்னொரு சம்பவம். கலிபோர்னியாவில் ஃப்ரீமொன்ட் என்ற இடத்தில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனிக்கு ஒரு கார்த் தொழிற்சாலை இருந்தது. வேலைநிறுத்தமும் குடியும் சண்டையுமாகப் பெயர் கெட்ட இடம். வேலைக்கு வராமல் நிற்பவர்கள் 20 சதவீதத்துக்கு மேல். 1982இல் மூடிவிட்டார்கள்.

1984இல் ஜப்பானின் டொயோட்டா அதில் கூட்டுச் சேர்ந்து திரும்பத் திறந்தது. எடுத்த தொழிலாளரில் பெரும்பாலானோர் அதே பழைய ஆட்கள். ஆனால் பிழையொன்றைக் கண்டால் கயிற்றை இழுத்து உதவிக்கு ஆள் அழைக்கவும், தீராவிட்டால் முழு வரிசையையுமே நிறுத்தவும் சாதாரணத் தொழிலாளிக்கு உரிமை கிடைத்தது. முன்பு வரிசையை நிறுத்துவது பெருங்குற்றம். வேலையை எப்படிச் செய்வது நல்லது என்று அவர்களிடமே கேட்டார்கள். சில வருடங்களில் வேலைக்கு வராதோர் 3, 4 சதவீதமாகக் குறைந்தார்கள். காரின் தரம் ஜப்பானில் செய்யும் காரை எட்டியது. அந்தக் கூட்டுத் தொழிற்சாலை 2010இல் மூடப்பட்டாலும், ஆட்களை மாற்றாமலே ஒரு வேலைத்தலத்தை மாற்றலாம் என்ற பாடம் நிலைத்துவிட்டது.

டொயோட்டாவுக்கு இது திடீரென்று வந்த ஞானமல்ல. எய்ஜி டொயோடா 1950இல் அமெரிக்கா போய் ஃபோர்ட் தொழிற்சாலையைப் பார்த்தார். அங்கே தொழிலாளர் யோசனை எழுதிக் கொடுக்கும் ஏற்பாட்டைக் கண்டு, அடுத்த வருடமே தன் கம்பனியிலும் தொடங்கினார். அவரது கம்பனி அப்போது பெரும் கஷ்டத்திலிருந்து அப்போதுதான் மீண்டு கொண்டிருந்தது. அத்தகைய நிலையிலும் செய்யக்கூடிய, செலவில்லாத காரியம் அது.

எமது நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் 2000ஆம் ஆண்டளவில் பணிப்பாளர் டொக்டர் விமல் கரந்தகொட ஜப்பானிய ‘ஐந்து எஸ்’ ஒழுங்கு முறையைத் தொடங்கினார். வைத்தியர் முதல் சிற்றூழியர் வரை சிறு குழுக்களாகச் சேர்ந்து தங்கள் பகுதியை எப்படித் திருத்தலாம் என்று யோசித்தார்கள். அந்த மாற்றத்தைக் கண்ட ஜப்பானிய உதவி நிறுவனமான ஜய்க்கா, 2007 முதல் ஆபிரிக்க நாடுகளின் வைத்தியசாலைகளுக்கு அதை முன்மாதிரியாகக் காட்டியது. அரசாங்க வைத்தியசாலையில் நடந்தது எங்கள் கடையில் நடக்காதா?

கடையில் எப்படிச் செய்வது?

நட்டப்பட்ட பிறகு நான் கைக்கொண்டு வருபவற்றைச் சொல்கிறேன். பெரிய கம்பனிக்கும் ஐந்து பேர் உள்ள கடைக்கும் பொருந்தும்.

முதலாவது, குறிப்பாகக் கேளுங்கள். “ஏதாவது யோசனை இருக்கா?” என்றால் “இல்ல மொதலாளி” என்பதுதான் பதில். “இந்தக் கிழமை எதக் கேட்டு இல்லாமத் திரும்பிப் போனாங்க?” என்று கேட்டுப் பாருங்கள். எல்லோரிடமும் பதில் இருக்கும். நான் வியாழன் மாலை கடை மூடியதும் தேநீரோடு பத்து நிமிடம் இதைக் கேட்கிறேன். வயதில் குறைந்தவனை முதலில் பேச விடுங்கள். மூத்தவர் பேசிய பிறகு அவன் பேசமாட்டான்.

இரண்டாவது, உங்கள் முதல் பதிலைக் காத்துக்கொள்ளுங்கள். ஒருவன் யோசனை சொல்லும்போது கடை முழுக்க உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நேரமில்லையென்றால் “பின்னேரம் பேசுவோம்” என்று சொல்லி, பின்னேரம் பேசிவிடுங்கள்.

மூன்றாவது, சிறிதாகச் செய்து பாருங்கள். ஒரு ராக்கை, ஒரு கிழமை, இவ்வளவு ரூபா என்று எல்லை போட்டுவிட்டால் தோற்றாலும் கடை கவிழாது. தோற்றால் நட்டம் முதலாளியுடையது. அதை அவன் சம்பளத்தில் வெட்டினாலோ நாலு பேர் முன் சொல்லிக் காட்டினாலோ அதுவே அந்தக் கடையின் கடைசி யோசனையாக இருக்கும்.

நான்காவது, மறுப்பதென்றால் காரணத்தைச் சொல்லுங்கள். வருகிற யோசனைகளில் பாதிக்கு மேல் சரிவராது. முடிவு எடுக்க வேண்டியவரும் நீங்கள்தான். “கடன் தவணை கூடிவிடும், அதனால இப்ப ஏலாது” என்று விளக்கினால் அவன் அடுத்த முறை கணக்கையும் பார்த்து யோசிப்பான்.

ஐந்தாவது, பலித்தால் அவன் பெயரைச் சொல்லுங்கள். பெரிய பரிசு வைத்தால் “இது நான் சொன்னது” என்ற சண்டைதான் வரும். சிறிய தொகையோடு, மற்றவர்கள் முன் ஒரு நல்ல வார்த்தை போதும்.

உள்ளுக்குள் இருக்கும் பயம்

நாம் வெளியே சொல்லாத பயம் ஒன்று உண்டு. பையனை யோசிக்க விட்டால் தொழில் கற்றுக்கொண்டு எதிரிலேயே கடை போட்டுவிடுவான் என்பது. உண்மைதான், சிலர் போவார்கள். கேட்டாலும் போவார்கள், கேட்காவிட்டாலும் போவார்கள். என்னுடைய பையனை நான் ஒரு நாளும் கேட்கவில்லை, அவனும் போனான். எங்களில் பலரின் வாப்பாமார் இன்னொருவர் கடையில் நின்று தொழில் பழகி வந்தவர்கள்தானே. கேட்டிருந்தால் அவன் இருந்த காலத்திலாவது அந்தச் சாக்குகள் எனக்குக் காசாகியிருக்கும்.

2020 மார்ச்சில் ஊரடங்குச் சட்டம் போட்டுக் கடை பூட்டியிருந்த நாட்களில், எங்கள் கடையின் ஆகக் குறைந்த வயதுப் பையன் போன் எடுத்தான். ஸ்டோர்ஸில் இருக்கும் துணிகளைப் படம் பிடித்து, பழைய வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றான். நிறமும் அகலமும் தெரிய அளவு நாடாவையும் படத்தில் வைக்க வேண்டும் என்றான். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் “செய்து பார்ப்போம் மகன்” என்றேன். அதனால் நான் கோடீஸ்வரன் ஆகிவிடவில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் அந்தப் படங்களைப் பார்த்து வந்த ஓடர்களால் கடை வாடகையையும், ஒருவரையும் நிறுத்தாமல் சம்பளத்தையும் கொடுக்க முடிந்தது. அது எனக்குப் போதும்.

அந்தப் பையன்தான் போன மாதம் வந்து, “மொதலாளி, மேல கூரையில ஒரு ஆணி கழண்டிருக்கு” என்று சொன்னவன். அன்றே பாஸை வரவழைத்துத் திருத்திவிட்டேன். செலவு சில ஆயிரம் ரூபா.

உங்கள் கடையிலும் எங்கோ ஒரு வாளி நிறைந்துகொண்டிருக்கலாம். நாளைக்குக் கடை மூடும்போது பையன்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.