பெருங்குடலில் வாழும் துணைவர்

இரவில் எஞ்சிய சோற்றுக்கு நீரூற்றி வைத்துக் காலையில் உண்ணும் வழக்கத்தைக் கலகெதரவிலும் கண்டியைச் சூழ்ந்த ஏனைய ஊர்களிலும் அறியாதார் சிலரே. சோறு ஆறும்பொழுது அதன் மாப்பொருளில் ஒரு சிறு பகுதி இறுகிவிடுகின்றது. எமது சிறுகுடலின் நொதியங்கள் அப்பகுதியைக் கரைக்க மாட்டா. அது அவ்வாறே பெருங்குடலைச் சென்றடைகின்றது. அங்ஙனமாயின் அது வீணாகின்றதோ? இல்லை என்கின்றது விஞ்ஞானம்.

பெருங்குடலிலே கோடானுகோடி பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. எமது உடல் ஆக்கவியலாத நொதியங்கள் பலவற்றை அவை ஆக்குகின்றன. 2003ஆம் ஆண்டிலே ஒரு குடற் பற்றீரியாவின் பரம்பரை அலகுகள் முழுவதும் வெளியிடப்பட்டன. மாப்பொருளையும் நாரையும் பிளக்கும் நொதியங்களுக்குரியவை மாத்திரம் அதில் 200க்கு மேல் இருந்தன. மனிதரிடம் உள்ளவையோ மிகச் சில.

இந்நொதியங்களின் துணையால் எஞ்சிய மாப்பொருள் சிறு கொழுப்பமிலங்களாக மாறுகின்றது. அவற்றுள் பியூட்டிரிக் அமிலம் பெருங்குடற் சுவரின் கலங்களுக்கு உணவாகின்றது. புரோப்பியோனிக் அமிலம் ஈரலை அடைந்து அங்கு நிகழும் அனுசேபத்திற் பங்குகொள்கின்றது. இவ்வமிலங்கள் உறிஞ்சப்படும்பொழுது உப்பும், அதனுடன் நீரும் உடலுக்குள் மீள்கின்றன.

இவ்வுண்மையே உயிர்காக்கும் ஒரு முயற்சிக்கு வித்தாயிற்று. கொலரா கண்டவர் நீரையும் உப்பையும் இழந்தே மடிகின்றனர். உப்பும் குளுக்கோசும் கரைத்த நீர் அவ்விழப்பை ஈடுசெய்யும். ஆயினும் பேதியை விரைவில் நிறுத்தாது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வைத்தியர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் அவர்தம் துணைவரும் கொலரா நோயாளர் 48 பேரை மூன்று குழுக்களாக வகுத்து ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். வழமையான கரைசலை மாத்திரம் பருகியோருக்குப் பேதி நிற்கச் சராசரி 91 மணித்தியாலம் சென்றது. எளிதிற் செரியாத சோள மாப்பொருளையும் அக்கரைசலிற் சேர்த்துப் பருகியோருக்கோ ஏறத்தாழ 57 மணித்தியாலமே சென்றது.

இதனாற் பழஞ்சோறு பேதிக்கு மருந்தென எவரும் கொள்ளலாகாது. வெப்பத்தில் நெடுநேரம் கிடந்த சோறு தானே நோய் தரும். பேதி கண்டால் ஜீவனி கரைத்துக் கொடுப்பதும், தாமதியாது வைத்தியரை நாடுவதுமே முறை. நலமாக உள்ள நாள்களில் பயறு, பருப்பு, கீரை, மரக்கறி ஆகியவற்றை நாளாந்த உணவிற் சேர்ப்போமாக. நாம் செரிக்காது விடுவது எமது துணைவருக்கு உணவு. அவர் ஆக்கித் தருவது எமக்கு நலம்.