பழைய பெக்கோ வாங்க முன்னர்

இடம்பெயர்ந்து வாழும் கமக்காரக் குடும்பங்களிடம் காணி கையில் இல்லாவிட்டாலும் மண்ணைப் பற்றிய அறிவு இருக்கின்றது. வரம்பு எங்கே உடையும், வாய்க்கால் எந்தச் சாய்வில் ஓடும், குளக்கட்டுக்கு எந்த மண் இறுகும் என்பதை எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009இன் பின்னர் வன்னிக்குத் திரும்பியவர்கள் பற்றை அகற்றவும், மலசலகூடக் குழி தோண்டவும், வாய்க்கால் திருத்தவும் இயந்திரத்தைத் தேடினார்கள். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து பழைய பெக்கோ ஒன்றை வாங்கி இவ்வேலைகளைப் பொறுப்பேற்கலாமா என்று யோசிப்பவர்களுக்காகவே இதனை எழுதுகின்றோம். நகையை அடகு வைத்து இறங்கும் காரியம் இது. நிதானம் வேண்டும்.

முன்னே அள்ளும் வாளியும் பின்னே தோண்டும் கையும் கொண்ட இயந்திரத்தை ஜே.சி.பி. கம்பனி 1953இல் வெளியிட்டது. அதன் 3சீஎக்ஸ் மாதிரி 1980இல் வந்தது. அக்காலத்து இயந்திரங்களில் கணினி இல்லை. உழவு இயந்திரம் திருத்திப் பழகியவர் இவற்றையும் கற்றுக்கொள்ளலாம். பழையதை நாம் நாடுவதற்கு விலை மட்டுமன்றி இதுவும் ஒரு காரணம்.

வாங்க முன்னர்

எஞ்சினை முன்கூட்டியே இயக்கி வைக்கவேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை சொல்லும். சூடேறிய பின்னும் நீலப் புகை வந்தால் ஒயில் எரிகின்றது. ஒயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கின்றது.

அடுத்து, பின்கையை உயர்த்தி, எஞ்சினை நிறுத்தி, பத்து நிமிடம் தள்ளிநின்று பாருங்கள். கை விரைவாக இறங்கினால் ஹைட்ரோலிக் சீலோ வால்வோ கசிகின்றது. சீலை மாற்றலாம்; ஆனால் சிலிண்டர் தண்டு கீறியிருந்தால் புதுச் சீலும் நிலைக்காது. மூட்டு ஆணிகள் ஆடுகின்றனவா, கையில் வெடிப்போ வெல்டிங் ஒட்டோ உண்டா என்றும் பாருங்கள்.

பதிவுப் புத்தகத்திலுள்ள இலக்கங்களை இரும்பில் பொறித்திருப்பவற்றுடன் ஒப்பிடுங்கள். லீசிங் கம்பனியின் பெயர் அதில் இருந்தால், கடன் தீர்ந்த கடிதமின்றி முற்பணம் கொடுக்காதீர்கள். கம்பனி இயந்திரத்தை இழுத்துச் செல்லும் நாளில் விற்றவர் பக்கத்தில் நிற்கமாட்டார்.

உயிர்ப்பித்தல்

வருடக்கணக்காக மழையில் நின்ற எஞ்சினை உடனே இயக்கக்கூடாது. பழைய டீசலை இறக்கி, தாங்கியின் அடியில் நிற்கும் தண்ணீரையும் துருவையும் கழுவுங்கள். ஒயிலையும் பில்டர்களையும் மாற்றுங்கள். இன்ஜெக்டர்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது ஒயில் விட்டு ஊறவையுங்கள். மறுநாள் எஞ்சினைக் கையால் சுற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுற்றினால் இன்ஜெக்டர்களைப் பூட்டி, டீசல் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றிய பின்னரே இயக்குங்கள். ஒயில் அழுத்தம் ஏறாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

ஹைட்ரோலிக் கசிவைக் கையால் தடவித் தேடவேண்டாம். ஊசித்துளையால் பீறும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். கையையே இழக்க நேரிடலாம். மட்டைத் துண்டொன்றைப் பிடித்துப் பாருங்கள். உயர்த்திய வாளியின் கீழ் முட்டுக் கொடுக்காமல் எவரும் போகக்கூடாது.

வேலையும் கணக்கும்

வடக்கில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெருமழை. இயந்திரம் சேற்றில் புதையும் அம்மாதங்களைத் திருத்த வேலைக்கு ஒதுக்கினால், குளம் வற்றும் கோடைக்கு ஆயத்தமாக இருக்கலாம். டீசலும் சம்பளமும் போக மிஞ்சுவதெல்லாம் இலாபமல்ல. ரயரும் ஹோஸும் வாளிப் பல்லும் மணிக்கு மணி தேய்கின்றன. ஓடிய ஒவ்வொரு மணிக்கும் ஒரு பங்கைத் திருத்தக் கணக்கில் போடுங்கள். குடும்பங்களுக்கிடையிலான பங்கையும் பொறுப்பையும் எழுத்தில் வையுங்கள்.

80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயல்களுக்கு நீர் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. அவ்வேலைக்குக் கமக்காரர் அமைப்பையும் கமநல சேவை நிலையத்தையும் நாடுங்கள். மணலோ கிரவலோ அகழ்ந்து விற்பதற்கு 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும்.

கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்படாத காணியில் வாளியை வைக்கவே கூடாது. உறுதிசெய்த காணியிலும் சந்தேகமான பொருள் தென்பட்டால், தொடாமல் வேலையை நிறுத்தி, ஆட்களை விலக்கி, பொலிசாருக்கும் கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள். அன்றைய கூலி போனால் போகட்டும். இயக்குபவர் மாலையில் வீடு திரும்பவேண்டும்.