நின்றுகொண்டே வரும் பாரம்

சென்னை நாவலூரில் ஓர் அடுக்குமாடி வளாகம் முடியும் தறுவாயில் இருந்தால், வாசலில் வந்து நிற்கும் வண்டிகள் மாறிவிடும். எம்-சாண்டும் ஜல்லியும் கொட்டிய டிப்பர்கள் குறையும். பக்கப் பலகை இல்லாத பிளாட்பெட் லாரிகளில் கிரானைட் பலகைகள் வரும், கண்ணாடி வரும். ஆட்கள் குடிவரத் தொடங்கியதும் குட்டி யானை எனப்படும் சிறு சரக்கு வண்டிகளில் பீரோவும் ஃபிரிட்ஜும் வரும். சிமென்ட் மூட்டையைப் போலவோ கம்பியைப் போலவோ படுத்து வருபவை அல்ல இவை. வழி முழுக்க நின்றுகொண்டே வருகின்றன.

படுக்க வைக்க முடிந்ததைப் படுக்க வைப்பதுதான் நல்லது. வந்தவாசிக்கு அருகே கொரக்கோட்டையில் உருவான கோதண்டராமர் சிலை 2018 இறுதியில் 240 சக்கர வண்டியில் பெங்களூரு கிளம்பியபோது படுத்துத்தான் கிளம்பியது. ஆனால் கிரானைட் பலகைக்கு அது ஒத்துவராது. கிடையாகப் போட்டால் சாலைக் குலுக்கலில் நடுவில் வளைந்து விரிசல் விட்டுவிடும். ஃபிரிட்ஜைச் சாய்த்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் ஏறும். ஆகவே நிறுத்தித்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. ஏற்றுபவர்களின் குற்றம் எதுவும் இதில் இல்லை.

எடையைப் பாருங்கள். ஒன்பதடி நீளம், ஆறடி உயரம், இரண்டு சென்டிமீட்டர் கனம் உள்ள ஒரு கிரானைட் பலகை சுமார் 270 கிலோ. பத்துப் பலகைகளைச் சேர்த்து நிறுத்தினால் 2.7 டன். அத்தனை எடையும் தரையில் ஊன்றியிருப்பது வெறும் 20 சென்டிமீட்டர் அகலத்தில். உயரம் அகலத்தைப்போல் ஒன்பது மடங்கு. பீரோவுக்கு இந்தக் கணக்கு நான்கு மடங்குக்கு மேல் வரும், ஃபிரிட்ஜுக்கு ஏறக்குறைய மூன்று.

எத்தனை மடங்கு வரை தாங்கும்? ஒரு குட்டி யானை மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில், ஐந்து மீட்டர் ஆரத்தில் யூ-டர்ன் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யாரும் அதை வேகம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தத் திருப்பத்தில், உள்ளே இருக்கும் சாமானை அதன் எடையில் பாதி அளவு விசை வெளிப்பக்கம் தள்ளுகிறது. எடை நடுவில் இருக்கும் ஒரு பொருளின் உயரம் அகலத்தைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தால், கட்டு இல்லாமல் அந்தத் தள்ளலில் அது நிற்காது. சரக்குக் கட்டுவதற்கான ஐரோப்பிய விதியும் அமெரிக்க விதியும் பக்கவாட்டுக்கு எடையில் பாதி, பிரேக் அடிக்கும்போது முன்பக்கத்துக்கு எடையில் 80 சதவீதம் என்றே கணக்கு வைத்திருக்கின்றன. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் மெட்ரோ பாதையின் வேலை நாவலூர் வழியாகப் போகும் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) நடுவே நடக்கிறது, தடுப்புகளுக்கு நடுவே வளைந்தும் திடீரென்று பிரேக் அடித்தும்தான் வண்டி வரவேண்டும்.

நம் ஊர்ச் சட்டம் உயரத்தைக் கவனிக்கிறது. சரக்கு வண்டிக்கு 3.8 மீட்டராக இருந்த வரம்பு 2020-இல் 4 மீட்டர் ஆனது. வரம்பை மீறி உயர்ந்தோ நீட்டிக்கொண்டோ இருக்கும் பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. மின்கம்பியை உரசித் தீப்பிடிக்கும் வைக்கோல் லாரிகளை நினைத்தால் அந்த வரம்பு எவ்வளவு தேவை என்பது புரியும். ஆனால் கிரானைட் லாரி இந்த வரம்புக்குள் வசதியாக அடங்கிவிடும். தளத்தின் உயரத்தோடு சேர்த்தும் மூன்று மீட்டர் அளவுதான். அபராதத்துக்கு இடமே இல்லாத வண்டியிலிருந்தும் பலகை விழும்.

விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் கட்டு இல்லாதது அல்ல, கட்டிய விதம். நம் லோடுமேன்கள் கயிற்றில் கைதேர்ந்தவர்கள். இந்தப் பக்கக் கொக்கியில் மாட்டி, பாரத்தின் தலைக்கு மேல் எறிந்து, அந்தப் பக்கத்தில் லாரி முடிச்சுப் போட்டு இறுக்குவார்கள். மூட்டைக்கும் வைக்கோலுக்கும் அதைவிட நல்ல கட்டு கிடையாது. அமுங்கி ஒரே உடம்பாகிவிடும். பாலிஷ் போட்ட கல் அமுங்காது. அது ஒரு பக்கம் சாயும்போது கயிறு அதன் தலையில் வழுக்கி, இந்தப் பக்கம் குறைந்ததை அந்தப் பக்கத்துக்குக் கொடுத்துவிடும். இறுக்கம் அப்படியே இருக்கும், கல் சாய்ந்துவிடும்.

கொடிக்கம்பத்துக்கு நாலு பக்கமும் இழுத்துக் கட்டுவது போலத்தான் இதற்கும் கட்டவேண்டும். இடப்பக்கக் கொக்கியில் கிளம்பும் பெல்ட், பாரத்தின் மேல்பகுதியை வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு மறுபடி இடப்பக்கத்துக்கே வந்து இறுகவேண்டும். வலப்பக்கத்திலிருந்து கிளம்புவது வலப்பக்கத்துக்கே திரும்பவேண்டும். முன்னும் பின்னுமாக ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு, ஆக நான்கு பெல்ட். அப்போதுதான் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எதிர்ப்பக்க பெல்ட் தனியாகப் பிடித்து நிறுத்தும். இதோடு, பலகைகள் உள்நோக்கிச் சாய்ந்து நிற்க லாரித் தளத்தில் பூட்டிய இரும்பு ஏ-ஃபிரேம் வேண்டும். அது இல்லாத லாரியில் கிரானைட் ஏற்றக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பெல்ட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். ஐம்பது மில்லிமீட்டர் பாலியஸ்டர் பெல்ட்டில் நீலநிறச் சீட்டு ஒன்று தைத்திருக்கும். தாங்கும் அளவு அதில் இருக்கும். சாதாரண ராட்செட்டைக் கையால் முழு மூச்சாக இழுத்தாலும் அது தரும் இறுக்கம் 300 கிலோ அளவுதான். அறுந்த பெல்ட்டை முடிச்சுப் போட்டு ஓட்டினால் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். கல்லின் விளிம்பு அதை அறுக்கும், ஆகவே மூலையில் தடித்த ரப்பரோ மடித்த சாக்கோ வைக்கவேண்டும். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பாரம் ஒரு சுற்று அமர்ந்துவிடும். ஓரங்கட்டி இன்னொரு முறை இறுக்கிவிட்டுத்தான் தாழம்பூர் சாலை போன்ற உட்பாதைகளுக்குள் திரும்பவேண்டும்.

என்னை ஆற்றாமையில் தள்ளுவது வேறொன்று. பலகையைப் பிடித்துக்கொள்ள என்று லாரியின் மேல் ஆள் ஏற்றுகிறார்கள். பத்துப் பலகைகள் ஒரு திருப்பத்தில் கொடுக்கும் தள்ளல் 1,350 கிலோ. எந்த மனிதனும் அதைப் பிடிக்கமுடியாது. இடையில் நசுங்கத்தான் முடியும். உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காகத் தமிழ்நாடு 1982-இல் சட்டம் இயற்றியது, நல வாரியமும் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து குடும்பத்துக்குப் போய்ச்சேரும் பணம் விபத்துக்குப் பிறகுதான் வருகிறது.

இறக்கும் நேரம் ஓட்டத்தைவிட மோசமானது. உட்தெருக்கள் கால்வாய்ப் பக்கம் சரிந்திருக்கும், லாரியும் சாய்ந்தே நிற்கும். கிரேன் பட்டை பலகையைப் பிடிக்கும் முன்பே பெல்ட்டை அவிழ்த்துவிடுகிறார்கள். ஏ-ஃபிரேமில் ஒரு பக்கத்தை முழுக்கக் காலிசெய்தால் வண்டியே மறுபக்கம் சரியக்கூடும். ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி எடுக்கவேண்டும். லோடு கணக்கில் கூலி வாங்குபவருக்கு அதற்கு நேரம் கொடுப்பவர் யார்? கல்லுக்கு ஆர்டர் கொடுக்கும் கட்டுமான நிறுவனம்தான் கொடுக்கமுடியும். ஏ-ஃபிரேம், நான்கு நல்ல பெல்ட், மேலே ஆள் இல்லை, சமதளத்தில் இறக்கம் என்று ஆர்டரிலேயே எழுதட்டும். அப்படி வராத லாரியின் சலானில் சைட் இன்ஜினியர் கையெழுத்துப் போடவேண்டாம்.