கரை யாருடையது, வீடு யார் பொறுப்பு?

கோடையில் ரொறன்ரோவிலிருந்து மஸ்கோகா, கவார்த்தா பக்கம் போய்வரும் தமிழ்க் குடும்பங்களில் சிலருக்கு வாடகைக் கொட்டேஜ் அலுத்துவிட்டது. ஏரிக்கரையில் சொந்தமாக ஒரு காணி, அதில் டிம்பர் பிரேம் வீடு என்று கணக்குப் போடுகிறார்கள். ஒரு பெருமரத்தின் முனையை மற்றதன் துளைக்குள் செருகி, மரமுளை அடித்து இறுக்கும் வேலைப்பாடு அது. யாருக்கும் ஆசை வரும். ஆனால் உத்தரத்தின் அழகில் மயங்குவதற்கு முன்னால் காணியின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள்.

ஒன்ராறியோவின் பல ஏரிகளில் தண்ணீரை ஒட்டிய 66 அடி அகலப் பட்டை தனியார் காணியில் சேராது. ஆதி நில அளவையில் பொதுப் பாதைக்கென ஒதுக்கியது. 66 அடி என்பது அளவையாளரின் ஒரு சங்கிலி. பாதை வரவேயில்லை, ஒதுக்கீடு மட்டும் அப்படியே இருக்கிறது. அதன் மேல் பழைய கொட்டேஜ் 50 வருடம் நின்றிருக்கலாம். அதனால் நிலம் உங்களுடையதாகிவிடாது. நகரசபை அந்த ஒதுக்கீட்டைச் சட்டப்படி மூடி முந்திய உரிமையாளருக்கு விற்றிருக்கிறதா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். இல்லையென்றால் வாங்க விண்ணப்பிக்கலாம். அளவையாளர் செலவும் மாதக்கணக்கில் காத்திருப்பும் உண்டு. ஏரியின் அடித்தளமோ பெரும்பாலும் அரச நிலம். டொக்கைத் தாங்கும் அமைப்பு தண்ணீருக்கடியில் 15 சதுர மீட்டரைத் தாண்டினால் மாகாணத்தின் அனுமதி வேண்டும்.

கரையிலிருந்து வீடு தள்ளியிருக்க வேண்டிய தூரம் நகரசபைக்கு நகரசபை மாறும். 30 மீட்டர் கேட்பவை பல. செப்டிக் தொட்டியும் கழிவுநீர் ஊறும் படுகையும் ஏரியிலிருந்து குறைந்தது 15 மீட்டர் விலக வேண்டும். கவார்த்தாவில் நீர்நிலைப் பாதுகாப்பு அதிகாரசபையின் பெர்மிட்டும் சேரும். மஸ்கோகாவின் பெரும்பகுதியில் அப்படியொரு சபை இல்லை. பழைய கொட்டேஜை இடித்துவிட்டுப் பிறகு யோசிக்கலாம் என்பது மிக ஆபத்தான அவசரம். கரைக்கு நெருக்கமாக நிற்க அதற்கிருந்த பழைய உரிமை, இடிபாட்டோடு போய்விடலாம். தூரத்தில் சிறு விலக்குக் கேட்டு மறுக்கப்பட்டால், முடிவு வந்து 20 நாட்களுக்குள் ஒன்ராறியோ நிலத் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம்.

இனி வீடு. புதுவீட்டு உத்தரவாதத்தை டாரியன் நடத்துகிறது: வேலைக் குறைகளுக்கு 1 வருடம், நீர்க்கசிவு, மின்சாரம், குழாய் வேலைக்கு 2 வருடம், பெரிய கட்டமைப்புக் குறைக்கு 7 வருடம். நம்மவர் நழுவுவது இங்கேதான். மரச்சட்டத்தை ஒரு கம்பனி வெட்டி நிறுத்தும், அத்திவாரம் இன்னொருவர், கூரை மச்சானுக்குத் தெரிந்த ஆள். சிக்கனமாகத்தான் தோன்றும். சட்டத்தின் கண்ணில் அப்போது வீட்டைக் கட்டுபவர் நீங்களே. உங்களுக்கு நீங்களே உத்தரவாதம். ஏறக்குறைய முழு வேலையையும் பொருளையும் ஒரே பில்டர் ஒரே ஒப்பந்தத்தில் ஏற்றால்தான் இந்தக் காப்பு. அந்தப் பில்டருக்கு உரிமம் இருக்கிறதா என்பதை, 2021 பெப்ரவரியிலிருந்து உரிமம் வழங்கிவரும் எச்.சி.ஆர்.ஏ.யின் பட்டியலில் இலவசமாகப் பார்க்கலாம். இன்னொரு பொறி: பருவகாலத் தங்கலுக்கென்று கட்டும் வீடு உத்தரவாதச் சட்டத்தின் ‘வீடு’ என்ற வரையறைக்குள்ளேயே வராது. வருடம் முழுக்க வாழும் எண்ணமிருந்தால் வரைபடத்திலும் ஒப்பந்தத்திலும் அது தெளிவாக இருக்கட்டும்.

மரத்துக்கும் ஒரு குணம் உண்டு. ஈரம் காயாத பெருமரம் வீட்டுக்குள் சூடு ஏற ஏறக் குறுக்காகச் சுருங்கும், நெடுக வெடிப்பு விடும். பொருத்துகளில் இடைவெளி தெரியும். இது பெரும்பாலும் பலத்தைப் பாதிக்காது. ஆனால் கட்டி முடித்தபின் காய்வதால் வரும் வழமையான சுருக்கத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஆகவே எந்த மரம், ஈரம் எத்தனை வீதம், எவ்வளவு இடைவெளி விட்டால் அது குறை என்பதை ஒப்பந்தத்தில் எழுதுவியுங்கள். சாதாரணச் சிறுமரச் சட்ட வீடுகளுக்கான கட்டட விதி அட்டவணைகள் டிம்பர் பிரேமுக்குப் பொருந்தா. பொறியியலாளர் முத்திரையிட்ட வரைபடம் வேண்டும்.

குறை தெரிந்தால் பில்டருக்குத் தொலைபேசியில் சொன்னதெல்லாம் கணக்கில் வராது. டாரியனின் படிவத்தை உரிய தவணைக்குள் அனுப்ப வேண்டும். அவர்கள் முடிவு பாதகமாக வந்தால் உரிம மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

பணத்தில் இரண்டு எச்சரிக்கை. மரத்தை உங்கள் அளவுக்கு வெட்டுவதால் முன்பணம் பெரிதாகக் கேட்பார்கள். பணம் கொடுத்த மரம் பட்டறையில் கிடந்தாலும் உங்கள் சொத்து, அதற்குக் காப்புறுதி உண்டு என்று எழுத்தில் வாங்குங்கள். அடுத்தது, ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 வீதத்தைப் பிடித்துவைப்பது உங்கள் கடமை. கூரைக்காரருக்குப் பில்டர் காசு கொடுக்காமல் விட்டால், அவர் 60 நாட்களுக்குள் உங்கள் காணியின் மீதே லியன், அதாவது வரவேண்டிய காசுக்கான உரிமைக் கோரிக்கை, பதியலாம். பில்டர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் அந்த 10 வீதக் காசோலை லாச்சியிலேயே கிடக்கட்டும். லியன் பதியும் தவணை கழிந்தபின், காணிப் பதிவைச் சட்டத்தரணி ஒருமுறை பார்த்து லியன் எதுவும் இல்லையென்று சொன்ன பிறகு கையெழுத்துப் போடுங்கள்.