லெலோங் பெட்டியில் உருத்திரன்

மலேசியத் தமிழர் பேச்சில் புழங்கும் 'லெலோங்' என்னும் சொல்லை மலாய் மொழி போர்த்துக்கீசியரிடமிருந்து பெற்றது. தமிழிலுள்ள 'ஏலம்' என்பதும் அதே போர்த்துக்கீசியச் சொல்லின் வழிவந்தது என்பர் அகராதியார். ஆகவே மலிவு விற்பனைக்காரர் 'லெலோங், லெலோங்' என்று கூவுவதும், தமிழ்நாட்டில் ஏலம் கூறுவதும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே.

பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், இரயில் பாதையை அடுத்து, முன்னாளில் இரப்பர்த் தோட்டங்கள் சூழ விளங்கிய ஊர் சிலிம் ரிவர். இத்தகைய சிற்றூர்க் கடைகளில் திரைப்பாட்டும் பக்திப்பாட்டும் விலைபோகும். எந்த வரிசையில் அடுக்குவதென்றே கடைக்காரருக்கு விளங்காத தட்டு, விலை குறைக்கப்பட்டு லெலோங் பெட்டிக்குப் போய்ச் சேருவது இயல்பு. 'மெட்டல்' என்னும் இரும்பிசையில், அதிலும் அதன் கடுங்கூறுகளில், பல நல்ல தட்டுகளுக்கு நேர்ந்த கதி இதுவே. அவை சில நூறு படிகளே அச்சானவை. வானொலியில் ஒலிபரப்பப்பட்டவையும் அல்ல.

இவ்விசையின் பிறப்பே ஒரு விபத்தோடு தொடர்புடையது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்த டோனி அயோமி என்னும் இளைஞர், இயந்திரத்தில் சிக்கி வலக்கை விரல்கள் இரண்டின் நுனியை இழந்தார். அவர் இடக்கையால் கிட்டார் மீட்டுபவர். நரம்பை அழுத்தும் விரல்களே போயின. நெகிழியால் விரலுறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். விறைப்பான நரம்பு நோவு தந்தமையால், 'பிளாக் சாபத்' குழுவின் 1971ஆம் ஆண்டுத் தட்டில் பல பாடல்களுக்கு நரம்பைத் தளர்த்திச் சுருதியைத் தாழ்த்தினார். அந்தத் தாழ்ந்த கனத்த ஒலியே பின்வந்தோருக்கு வழியாயிற்று. 1980களில் விரைவு மிகுந்தது; பாட்டு உறுமலாயிற்று. இவ்வுறுமல் வெறும் கத்தல் அன்று. குரல்நாண்களுக்கு மேலேயுள்ள மடிப்புகளையும் அதிரச் செய்யும் பயிற்சி அதற்கு வேண்டும். பயிலாதவர் முயன்றால் தொண்டை கட்டிக்கொள்ளும்.

தமிழர்க்கு இதில் என்ன உறவு என்று வினவுவோர் உளர். விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சிங்கப்பூரில் 1992ஆம் ஆண்டு தோன்றியது 'ருத்ரா' என்னும் குழு. பாடகரும் தாழ்சுரக் கிட்டார் வாசிப்பவருமான கதிர் அதன் தலைவர். தம் பெயரையே தாங்கிய முதல் தட்டை இவர்கள் 1998இல் வெளியிட்டனர். உபநிடதக் கருத்துகளை ஆங்கிலத்தில் உறுமி, இடையிடையே வடமொழிச் சுலோகங்களை ஓதுவது இவர்கள் முறை. 'பிரம்ம வித்யா' என்னும் வரிசையில் 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் மூன்று தட்டுகள் வந்தன.

பெயரையும் சற்று நோக்குக. ரகரம் தமிழில் மொழிமுதலாகாது. எனவே உகரம் முன்னே வந்து 'உருத்திரன்' ஆகும். பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெயரிலும் அவ்வுகரம் உண்டு. வடமொழி வேர்க்கு அழுதல், கதறுதல் என்று பொருள் கூறுவர். கதறும் பாட்டுக்கு இதனினும் பொருந்திய பெயர் கிடைப்பது அரிது! தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் அச்சத்தையும் வெகுளியையும் வைத்தார். உவகைக்கு மட்டுமே இசை உரியது என்று எண்ணுவோர் அவ்வியலை மீண்டும் ஒருமுறை புரட்டலாம்.

இனி, பெட்டியிலிருந்து கைக்கு வந்த தட்டை அறியும் வகை. மேலட்டையில் குழுவின் பெயர் முள்வேர் பின்னியதுபோல் இருக்கும். வட்டெழுத்துப் பயின்ற கண்ணும் அங்கே தடுமாறும். அதை விட்டு அட்டையின் மூலையைப் பார்க்க வேண்டும். மூலை வெட்டப்பட்டிருந்தாலோ, துளையிடப்பட்டிருந்தாலோ, விற்காமல் தேங்கியதை நிறுவனமே தள்ளுபடிக்கு விட்டது என்பது பொருள். முழு விலைக்குத் திருப்பித் தந்துவிடாதபடி அமெரிக்க நிறுவனங்கள் இட்ட அடையாளம் அது. குறுந்தட்டாயின் அடிப்புறத்தின் உள்வளையத்தைச் சாய்த்துப் பார்த்தால் நுண்ணிய எண்கள் தெரியும். 1994 முதல் ஆலையைக் காட்டும் குறியீடும் அங்கே பொறிக்கப்படலாயிற்று. அது இல்லையேல் பழைய அச்சா, போலியா என்று ஐயுறலாம். உள்தாளில் சிறிய எழுத்தில் உள்ள நன்றியுரையைத் தள்ளிவிடலாகாது. எந்தக் குழு எந்தக் குழுவோடு பழகிற்று என்பதை அறிய ஏட்டின் இறுதிக் குறிப்புப்போல் உதவுவது அதுவே.

மலேசியாவில் இவற்றுக்கு வேறோர் இடரும் நேர்ந்தது. 2006 ஜனவரியில் தேசிய ஃபத்வா மன்றம் 'பிளாக் மெட்டல்' இசை முஸ்லிம்களுக்கு விலக்கப்பட்டது என்று அறிவித்தது. நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டுமென்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் கூறினும், நண்பர் சிலர் கூடிப் பதிந்து கைக்குக் கை விற்ற நாடா அங்கே சென்றிருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. லெலோங் பெட்டியில் கிடக்கும் படியே எஞ்சிய ஒரே படியாகவும் இருக்கலாம்.

எனவே ஒலிநாடா அகப்பட்டால் உடனே ஓட்டிவிடலாகாது. இந்நாட்டு ஈரக் காற்றில் நாடாவின் விளிம்பில் வெண்பூஞ்சை படரும். ஓட்டினால் அது கருவியிலும் ஒட்டி, அடுத்த நாடாவையும் கெடுக்கும். முதலில் வெளிச்சத்தில் பிடித்துச் சுருளைப் பார்க்க வேண்டும். வெண்மை தென்பட்டால், துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.