பதின்மூன்று வயதுக்கு மன்னாரில் ஒரு நாவல்

தமிழில் சிறுவருக்கு எழுதுவதென்றால் பேசும் முயலும், கடைசிப் பக்கத்தில் பாராட்டு வாங்கும் நல்ல பிள்ளையும்தான் நம்மில் பலருக்கு நினைவில் வரும். எட்டு, ஒன்பது வயதோடு அந்தச் சரக்குத் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு பிள்ளை கேட்பது வேறு: தன் வயதுக்காரர் ஒருவர் ஆபத்தில் மாட்ட வேண்டும், பெரியவர் கைகொடுக்காமலே வெளியே வர வேண்டும். அப்படியான கதைக்கு மன்னார்க் கரையைப் போல வாய்த்த இடம் இலங்கையில் அதிகமில்லை. எஸ்.ஏ. உதயன் ‘லோமியா’ போன்ற நாவல்களில் இந்த மண்ணை எழுதியிருக்கிறார், அவை வளர்ந்தோருக்கானவை.

1906ஆம் ஆண்டின் முத்துக்குளிப்பையே எடுங்கள். மறிச்சுக்கட்டியில், ஆளரவமற்ற மணல்வெளியில், சில வாரங்களுக்குள் ஒரு கொட்டில் நகரம் எழும்பியது. அரபிகளும் தமிழரும் முழுகினார்கள். அரசாங்கத்தின் பக்கம் மேற்பார்வைக்கு அனுப்பப்பட்டவர்களில் இருபத்தைந்து வயது லெனார்ட் வுல்ஃபும் ஒருவர். கரைக்கு வரும் சிப்பியில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு முழுகியவருக்கு. மாலையில் ஏலம். ஏலத்தில் எடுத்தவர் சிப்பியைக் குவித்து அழுகவிடுவார். புழுவும் ஈயும் தசையைத் தின்று முடித்தபின், மிச்சத்தைக் கழுவிக் கழுவி முத்துத் தேடுவார்கள். முகாம் முழுக்க அந்த நாற்றந்தான். வுல்ஃப் பிறகு இதை வைத்து ஒரு சிறுகதை எழுதினார். பிள்ளைகளுக்கு உகந்த கதையல்ல அது.

முழுகுபவர் கல் கட்டிய கயிற்றோடு இறங்குவார். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழிருந்து சுண்டினால் இழுக்க வேண்டும். பிடித்திருப்பவன் பதின்மூன்று வயதுப் பையன், இறங்கியவர் அவனுடைய வாப்பா என்று வையுங்கள். கயிறு சுண்டப்படவில்லை. இழுப்பதா, பொறுப்பதா? முதல் அத்தியாயம் இங்கேயே தொடங்கிவிடும். முத்தின் வரலாறு, ஒல்லாந்தர் காலம், சிப்பியின் உயிரியல் எல்லாம் பின்னால் வரட்டும். வராவிட்டாலும் குடிமுழுகிப் போகாது. நம் எழுத்தாளர்களில் பலர் அந்த வரலாற்றுப் பாடத்தைத்தான் முதலில் நடத்துவார்கள். ஆனால் வரலாறு கதையாக முடியாததல்ல: கீழடி அகழாய்வை வைத்து உதயசங்கர் எழுதிய ‘ஆதனின் பொம்மை’ என்ற இளையோர் நாவலுக்கு 2023இல் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் கிடைத்தது. கீழடிக்கு ஆனது மறிச்சுக்கட்டிக்கும் ஆகும்.

முத்துக்குளிப்பை விட்டாலும், 1914இல் தொடங்கிய இந்தோ-சிலோன் போட் மெயில், 1964 டிசம்பர்ப் புயல், பள்ளிமுனைப் பெருக்கமரம், தெருவில் திரியும் கழுதைகள் என்று கதைப்பொருளுக்குப் பஞ்சமில்லை. கடினமானது 1990 ஒக்டோபர். எருக்கலம்பிட்டிப் பிள்ளைகள் குடும்பத்தோடு புத்தளம் பக்கம் போக நேர்ந்ததை, விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியதை, பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? எல்லாரும் ஒற்றுமையாக வாழ்வோம் என்று முடித்தால் அது மேடைப்பேச்சு. பக்கத்து வீட்டுக் கூட்டாளி அன்றைக்கு ஏன் வாசலுக்கு வரவில்லை என்ற கேள்வியைப் பதிலில்லாமல் விட்டால், வாசிக்கிற பிள்ளை தானே யோசிக்கும்.

எழுதியாயிற்று; யார் போடுவது? ஈழத்தில் தமிழ்ப் புத்தகம் பெரும்பாலும் எழுதியவர் கைக்காசில்தான் வருகிறது. முந்நூறு பிரதி, மிஞ்சினால் ஐந்நூறு. அச்சுக்கூலி வெளியீட்டு விழாவில்தான் திரும்ப வேண்டும்: முதற்பிரதிக்கு ஒரு வர்த்தகப் பிரமுகர், சிறப்புப் பிரதிகளுக்கு அதிபர்கள், வைத்தியர்கள், கையில் என்வலப். வரவேற்பு நடனம் ஆடிய பிள்ளைகளுக்குக் கிடைப்பது பிஸ்கற்றும் சோடாவும். யாருக்காக எழுதினாரோ அவர் கைக்குப் புத்தகம் போவதில்லை. 2024 ஜனவரி முதல் புத்தகத்துக்கும் 18 சதவீத வற் வந்தது. தரம் ஐந்து புலமைப்பரிசில் வினாத்தாள் தொகுப்புக்கு யோசிக்காமல் காசு கொடுக்கும் பெற்றோர், கதைப்புத்தகமென்றால் விலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, சோதனை அப்படி.

விழா மண்டபத்தை விட்டால் வேறு சந்தையே இல்லையா? மடு மாதா ஆவணித் திருவிழாவுக்கு இலட்சக்கணக்கில் சனம் வருகிறது, பெரும்பாலும் பிள்ளைகுட்டியோடு, கொட்டில் போட்டு நாட்கணக்கில் தங்குகிறது. மெழுகுதிரிக் கடைக்கும் விளையாட்டுச் சாமான் கடைக்கும் நடுவில் ஒரு மேசை போட இடமிருக்கிறது. மெல்லிய தாள், மட்டமான அட்டை, ஒரு ஐஸ்கிறீமின் விலைக்குக் கிட்ட ஒரு விலை. முத்துக்குளிப்புக் கதையைப் பாகம் பாகமாகப் போட்டு, முதல் பாகத்தைக் கயிறு சுண்டப்படாத இடத்தில் நிறுத்தினால், இரண்டாம் பாகத்தை வாங்கித் தரச்சொல்லிப் பிள்ளையே அம்மாவை இழுத்து வரும்.